மணி அடித்தால் எடுப்பவர் யார்?



நள்ளிரவு ஒரு மணி. செம்பனை மரங்களுக்கு நடுவே லயத்து வீடுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது. கைத்தொலைபேசியை எடுத்து 999 என்று அழுத்துகிறீர்கள். மறுமுனையில் ஒரு குரல் கேட்கிறது. விவரம் சொல்கிறீர்கள். சற்று நேரத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஆம்புலன்ஸ் வெளிச்சம் தெரிகிறது. வண்டி ஓட்டி வந்தவருக்கு நன்றி சொல்கிறோம். தாதிக்கு நன்றி சொல்கிறோம். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் அந்த மணி எப்படி அடித்தது, அதை அடிக்க வைத்தவர் யார் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் கேட்டிருக்க வேண்டியவள் நான். காரணத்தைச் சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் தொலைபேசிச் சேவை அரசாங்க இலாகாவின் கையிலிருந்து புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எதுவும் மாறவில்லை. முன்னூறு குடும்பங்களுக்கு ஒரே ஒரு டெலிபோன். அது ஆபீசில், பெரிய கிராணியின் மேசைமேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் நாங்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஒரு நாள் இரவு என் சின்னம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. டிரெசர் வந்து பார்த்துவிட்டு, "இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டார். அப்பா கிராணி வீட்டுக்கு ஓடினார். ஆபீசைத் திறந்தார்கள். டெலிபோனை எடுத்தால் சத்தமே இல்லை. மூன்று நாளைக்கு முன் அடித்த காற்றில் ரப்பர் மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியின்மேல் விழுந்திருக்கிறது. அது பெரிய கிராணிக்கும் தெரியும், சின்னக் கிராணிக்கும் தெரியும். சின்னவர் புகார் சொல்லியிருப்பார் என்று பெரியவர் இருந்துவிட்டார். பெரியவர் சொல்லியிருப்பார் என்று சின்னவர் இருந்துவிட்டார். பிறகு லாரி டிரைவரைத் தேடிப் பிடித்து, சின்னம்மாவைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விடிந்துவிட்டது. சின்னம்மா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கிராணிகள் இருவரும் இன்று இல்லை. போன பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே அவள் சொன்ன ஒரு வார்த்தையில் இது அத்தனையும் எனக்குத் திரும்பி வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அந்த மாணவி எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். அப்பா பால் வெட்டு, அம்மா ஆயாக் கொட்டகை. இன்று ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனையில் தொலைத்தொடர்புப் பிரிவின் மேற்பார்வையாளர். அவர் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மூக்கு ஒழுகிய முகம் கண்முன் நிற்கும்போது கை 'அவள்' என்றே எழுதுகிறது, மன்னிக்கவும்.

அவள் அலுவலகம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோயாளிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஆள் உயர இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பச்சை விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து நீலமும் மஞ்சளுமாகக் கம்பிகள் ஜடை பின்னியதுபோல் ஒழுங்காகக் கட்டித் தொங்கின. ஒரு மூலையில் பெரிய பெரிய பேட்டரிகள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை தாங்குவதற்கு அவை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் இப்படி 48 வோல்ட் பேட்டரியில் ஓடியவைதாம். ஊரில் விளக்கு அணைந்தாலும் டெலிபோன் மட்டும் வேலை செய்ததன் ரகசியம் அதுதான்.

"இது என்னம்மா, இவ்வளவு கம்பி?" என்று கேட்டேன்.

"டீச்சர், முன்ன டெலிபோனுக்கு ஒரு கம்பி, கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பின்னு தனித்தனியா இருந்துச்சு. இப்ப எல்லாம் ஒரே வழியிலதான் போவுது. வார்டுல தாதி பேசுறது, எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லாமே" என்றாள்.

நம் நாட்டில் 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனைதான் காகிதக் கோப்புகளை விட்டுக் கணினியையே முழுக்க நம்பி நடத்தப்பட்ட முதல் அரசாங்க மருத்துவமனை. அதற்குப் பிறகு மற்ற மருத்துவமனைகளிலும் கணினி மெல்ல மெல்ல நுழைந்தது. எக்ஸ்ரே எடுத்தால் ஈரப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய காலம் ஒன்று உண்டு. இப்போது படம் எடுத்த மறுநிமிடம் டாக்டரின் மேசையில் தெரிகிறது. இது எவ்வளவு பெரிய நன்மை! ஆனால் அந்தக் கம்பி வழி அடைபட்டால் படமும் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் மாணவியின் பிரிவுக்கு வேலை. அந்தப் பிரிவில் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரில் மாட்டும் செம்புக் கம்பிக்குள் எட்டு இழைகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். அதை நூறு மீட்டருக்குள்தான் இழுக்க வேண்டும். அதற்குமேல் போனால் செய்தி தேய்ந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் போவதற்குக் கண்ணாடி இழை. அது தலைமயிர் பருமன்தான். அதற்குள் ஒளி ஒரு விநாடியில் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இத்தனை வேகமாக ஓடுவதை ஓர் எலி கடித்து நிறுத்திவிடும் என்று சொல்லி அவள் சிரித்தாள். எலி, எறும்பு, இடி மின்னல், கூரை ஒழுக்கு ஆகிய நான்கும்தான் அவளுக்கு நிரந்தர விரோதிகளாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குப் பெண்கள் வந்த கதையை நான் அவளுக்குச் சொன்னேன். (வாத்தியார் உத்தியோகம், எங்கே போனாலும் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது.) அமெரிக்காவில் தொடக்கத்தில் பையன்களைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் பேசுகிறவர்களிடம் எரிந்து விழுந்தார்கள், ஒருவருக்கொருவர் அடித்துக்கொண்டார்கள். ஆகவே 1878இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர் அவர்தான்.

"அப்ப எங்க பசங்களைப் பத்தி நான் சொல்லவா டீச்சர்?" என்றாள் அவள்.

அவளுக்குக் கீழே பதினோரு பேர். நான்கு பேர் ஆபரேட்டர்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து உரிய இடத்துக்கு மாற்றிவிடுகிறவர்கள். மற்றவர்கள் டெக்னீஷியன்கள், வலையமைப்பைக் கவனிக்கும் இளைஞர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் யாராவது இருக்க வேண்டும். முறைவேலைப் பட்டியல் போடுவதுதான் மிகவும் தலைவலி என்றாள். தீபாவளிக்கு மலாய்க்காரத் தோழர்கள் நின்றுகொள்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு இவள் நிற்கிறாள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். எழுதப்படாத இந்த ஒப்பந்தம் ஒரு தடவையும் தவறியதில்லையாம்.

அவள் மேசைமேல் தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று கிடந்தது. கணினி இவ்வளவு இருக்கும்போது கையால் எழுதும் புத்தகம் எதற்கு என்று கேட்டேன். கணினி படுத்துக்கொண்டால் எதைப் பார்ப்பது, டீச்சர் என்று திருப்பிக் கேட்டாள். எந்தப் பழுதை யார் முதலில் பார்த்தாலும், நேரமும் பெயரும் போட்டு அதில் எழுத வேண்டும். எழுதியவர், அதைச் சரிசெய்ய யாரிடம் ஒப்படைத்தாரோ அவர் பெயரையும் எழுத வேண்டும். வேலை மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கம்பி கெட்டா கட்டிடலாம், டீச்சர். கெட்டது எல்லாருக்கும் தெரிஞ்சும், அடுத்தவன் சொல்லியிருப்பான்னு எல்லாரும் சும்மா இருந்துடுவாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

நான் ஒன்றும் பேசவில்லை. சின்னம்மா கதையை வகுப்பில் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நினைவிருக்கிறதா என்று பிறகு கேட்டேன். இல்லை என்றாள்.

நாம் இன்று அழுத்துகிற அந்த 999 கூட, ஓர் அழைப்பு காத்துக் கிடந்ததால் பிறந்ததுதான். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட எக்ஸ்சேஞ்சை அழைத்தார். மற்ற அழைப்புகளோடு அவரையும் வரிசையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30ஆம் நாள் லண்டனில் 999 தொடங்கியது. அந்த எண்ணை அழைத்தால் எக்ஸ்சேஞ்சில் ஓசை எழும், சிவப்பு விளக்கு எரியும். நம் நாட்டில் 2007இல் போலீஸ், தீயணைப்பு, மருத்துவமனை எல்லாவற்றையும் அந்த ஒரே எண்ணின்கீழ் கொண்டுவந்தார்கள்.

மேற்பார்வை என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன். நான் நினைத்தது, எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவர் மேற்பார்வையாளர் என்று. அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குக் கீழ் உள்ள ஓர் இளைஞனுக்கு வலையமைப்பில் அவளைவிட அதிகம் தெரியுமாம். அதுவே அவளுக்குப் பயமாக இருந்ததாம்! எதற்குப் பயம்? அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது, அவன் காய்ச்சலில் படுத்தால் யாருக்கும் தெரியாததாகிவிடும் அல்லவா? ஆகவே வாரம் ஒரு நாள் அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தாள். முதலில் அவன் முணுமுணுத்தான். இப்போது அவன்தான் வெண்பலகைக்கு முன் நின்று எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுகிறான்.

அவள் பயம் வீண் பயமல்ல. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலையமைப்பு அப்படியே சரிந்தது. சுமார் நான்கு நாள் அவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். இளம் டாக்டர்களில் பலருக்குக் கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பழக்கமே இல்லை. தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மாடி மாடியாக ஓடினார்கள். ஆண்டுக்காண்டு இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி என்று ஒட்டுப்போட்டு வளர்ந்த வலையமைப்பு அது. ஒரு நாள் பாரம் கூடியதும் செய்திகள் உள்ளேயே சுற்றத் தொடங்கிவிட்டன.

சுற்றுவது என்றால் எப்படி? பெரட்டுக் களத்தில் ஒரு மண்டோர், "நாளைக்கு வேலை இல்லை" என்கிறார். இன்னொருவர் அதைக் கேட்டுத் திரும்பச் சொல்கிறார். முதலாமவர், "ஓ, இது புதுச் செய்தி" என்று மறுபடியும் சொல்கிறார். இப்படியே இருவரும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் நடுவில் வேறு யார் பேச்சாவது காதில் விழுமா? அதே கதைதான். அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்கவில்லை. தங்கள் பிழை இன்னின்னது என்று மற்ற மருத்துவமனைகளுக்கும் தெரியும்படி வெளிப்படையாகப் பேசினார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டானது அதனால்தான்.

என் மாணவியின் இடத்திலும் இதே மாதிரி, ஆனால் சின்ன அளவில், ஒன்று நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பையன், ஒரே கம்பியின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டான். ஒரு மாடி முழுக்கக் கணினி நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் அவனே வெளிறிய முகத்தோடு வந்து, "நான்தான் செய்தேன்" என்றான். அவள் அவனைத் திட்டவில்லை. அவனையே அழைத்துக்கொண்டு போய்க் கம்பியைப் பிடுங்கச் செய்தாள். குறிப்பேட்டில் அவன் கையாலேயே எழுதச் சொன்னாள். இன்னொருவர் வேறொரு சமயத்தில், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிவைத்தார். அவரை இரவு முறையிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டாவது செயலால் எந்தப் பழுதும் நேரவில்லை. ஆனாலும் அதற்குத்தான் தண்டனை. இதைவிடச் சின்னத் தவறுகளுக்கெல்லாம் நான் சுண்ணாம்புக் கட்டியை வீசியிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இனி அவள் மனத்தில் ஆறாமல் இருக்கிற ஒரு விஷயம். இது இப்போதைய இடத்தில் நடந்ததல்ல. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அங்கே வெளித்தொடர்புக்கு இரண்டு கண்ணாடி இழைக் கம்பிகள் இருந்தன. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் புதைத்திருந்தார்கள்! தாலிக் கயிறு பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதுபோல் இல்லையா இது? அவள் இதைக் கண்டுபிடித்து இரண்டு முறை மேலிடத்துக்கு எழுதினாள். இந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில், கால்வாய் வெட்ட வந்த மண்வாரி இயந்திரம் இரண்டு கம்பிகளையும் ஒரே வாரலில் அள்ளிப் போட்டது. வெளியிலிருந்து டெலிபோன் உள்ளே வரவில்லை. இவள் முதலில் செய்தது கம்பியைத் தேடி ஓடியதல்ல. இரண்டு பேரிடம் வாக்கி-டாக்கி கொடுத்து, ஒருவரை அவசரப் பிரிவிலும் ஒருவரை அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் நிறுத்தினாள். எந்தக் கைத்தொலைபேசி எண்ணுக்குப் பேச வேண்டும் என்று ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்குச் சொன்னாள். அதற்கென்றே ஒரு பட்டியல் காகிதத்தில் தயாராக இருந்தது. பிறகு பழுது பார்ப்பவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, தான் வெளியே நின்றுகொண்டாள். "எப்போது வரும், எப்போது வரும்" என்று வந்தவர்கள் எல்லாருக்கும் அவளே பதில் சொன்னாள். பெரிய டாக்டர் வந்து கத்தினார். அதையும் அவளே வாங்கிக்கொண்டாள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் இணைப்பு வந்தது. "அன்னிக்கு நான் ஒரு கம்பியைக்கூடத் தொடல, டீச்சர். கதவுகிட்ட நின்னதுதான் என் வேலை" என்றாள்.

அன்று யாருக்கும் உயிராபத்து நேரவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்களோ, அது தனக்குத் தெரியாது என்றாள். தெரியாததுதான் அவளைத் தூங்கவிடவில்லையாம். மூன்றாவது கடிதத்தையும் எழுதினாள். அவள் மாற்றலாகி வரும்வரை இரண்டு கம்பிகளும் அதே பள்ளத்தில்தான் கிடந்தன.

தாய்மார்களே, நம் பக்கம் செய்ய வேண்டியதையும் அவளிடம் கேட்டு வந்திருக்கிறேன். 999ஐ அழைத்தால் அழுகையை அடக்கிக்கொண்டு முதலில் இடத்தைச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, பக்கத்துப் பட்டணம் எது, பெரிய சாலையிலிருந்து எந்த முனையில் திரும்ப வேண்டும், அடையாளத்துக்குக் கோயிலா பள்ளிக்கூடமா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள். பிறகும் அந்தத் தொலைபேசியில் உறவினரை அழைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். டிரைவருக்கு வழி தெரியாவிட்டால் அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஓர் ஆளை டார்ச் லைட்டோடு முனைக்கு அனுப்பி வையுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக 999 அழுத்துவதைக் கண்டால் தயவுசெய்து கண்டியுங்கள். ஆபரேட்டர்கள் ஒவ்வொன்றையும் உண்மை என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்களா? ஏன் கிடைக்காது? எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் தேர்ச்சி அவசியம். அது இல்லாமல் அரசாங்க வேலைக்கு வாசல் திறக்காது. கணிதம் நன்றாக இருக்க வேண்டும், ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது வேண்டும். பிறகு சமூகக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். என் மாணவி பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவள். விண்ணப்பத்தைப் பொதுச் சேவை ஆணையத்தின் வழியாகப் போட வேண்டும். முதல் நேர்முகத் தேர்வில் அவளை எடுக்கவில்லை. இரண்டாவதிலும் எடுக்கவில்லை. நடுவில் ஒரு கடையில் கைத்தொலைபேசி பழுது பார்த்தாள். மூன்றாவதில்தான் கிடைத்தது.

நான் புறப்படும்போது மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. அடுத்த முறைக்கு வந்த மலாய்ப் பெண்ணும் அவளும் குறிப்பேட்டின்முன் சேர்ந்து நின்றார்கள். ஏழாம் வார்டில் ஒரு டெலிபோன் சத்தம் குறைவாகக் கேட்கிறது, கூரைமேல் ஓர் இடத்தில் மழைநீர் கசிகிறது என்று இரண்டே வரிகள்தான் அன்று. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தாள்.

"அம்மாவுக்கு இன்னும் என் வேலை புரியலை, டீச்சர். யாராவது கேட்டா, 'எம் மவ ஆஸ்பத்திரியில டெலிபோன் பார்க்குறா'ன்னு சொல்லுது" என்றாள்.

அம்மா சொல்வது சரிதானே என்றேன். பஸ் வந்துவிட்டது.